பச்சை குத்திய பார்பி

அமெரிக்காவின் மாட்டெல் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட டோக்கிடோக்கி பார்பி, இளஞ்சிவப்புத் தலைமுடியும் கழுத்திலும் தோளிலும் கையிலும் படர்ந்த பச்சைகுத்துச் சித்திரங்களும் கொண்டிருந்ததால், அதைக் காணும் சிறுமியர் தாமும் பச்சை குத்திக்கொள்ள விரும்புவர் என அந்நாட்டுப் பெற்றோர் பலர் கண்டித்தனர். இத்தாலிய ஓவியர் சிமோனே லெக்னோவின் டோக்கிடோக்கி நிறுவனத்துடன் இணைந்து உருவான அப்பொம்மை, சேகரிப்பாளர் பதிப்பாக, அதாவது விளையாடுவதற்கன்றி அலமாரியில் வைத்துப் பேண விரும்பும் பெரியவர்களுக்காக, 50 டாலர் விலையில் குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்டதாகும். 2009-இல் வந்த பச்சைகுத்துப் பார்பியோ குழந்தைகளுக்கே உரியது. பொம்மையின் மேல் ஒட்டும் படங்களும், சிறுமியர் தம் தோலில் பதித்துப் பின் கழுவிவிடத்தக்க படங்களும் அதனுடன் தரப்பட்டன. பெற்றோரின் கவலை மதிக்கத்தக்கதே. ஆயினும் 1959-இல் அறிமுகமான நாள்முதல் பல்லாண்டுகளாகப் பார்பியின் மெல்லிடை சிறுமியர் மனத்தில் பதித்துவந்த பொய்யான உடலழகுக் கற்பனையே இச்சித்திரங்களினும் மிகுதியாகக் கண்டிக்கத்தக்கது.