உடன் ஓதியோர் உறவு

கல்வி என்றதும் ஆசிரியரும் மாணாக்கருமே நம் நினைவில் எழுகின்றனர். நன்னூல் தந்த பவணந்தி முனிவரோ மற்றொருவரையும் சேர்த்துக் காண்கிறார். ஆசான் உரைத்ததைச் செவ்வனே கேட்டாலும் புலமையில் கால் பங்கே கைவரும். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு வரும். பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப்பங்கு நிறையும் என்பது அவர்தம் கணக்கு. இக்கணக்கை இன்றும் நடைமுறையில் காண விரும்புவோர் நம் அரபிக் கல்லூரிகளை நோக்கலாம்.

நிகாஹ் நடத்திவைக்கவும், ஜனாஸாத் தொழுகைக்கு முன்னிற்கவும், குழந்தைக்குப் பெயர் சூட்டவும் வல்ல ஆலிமாக ஒருவர் உருவாகப் பெரும்பாலும் ஏழாண்டுகள் ஆகின்றன. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் முதல் நம் அண்மையிலுள்ள பூந்தமல்லி காஷிஃபுல் ஹுதா வரை, விடுதியில் தங்கி ஓதுவதே வழக்கம். உஸ்தாத் பாடம் முடித்து எழுந்தபின் மாணவர்கள் வட்டமாக அமர்வர். ஒருவர் அப்பாடத்தை மீண்டும் நடத்துவார். ஏனையோர் ஐயம் எழுப்புவர். இதற்குத் தக்ரார் என்று பெயர். குர்ஆனை மனனம் செய்வோரும் இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து ஒருவர் ஓத மற்றவர் கேட்டுத் திருத்துவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே ரமலான்தோறும் ஜிப்ரீல் (அலை) அவர்களுடன் இவ்வாறு ஓதிவந்தார்கள் என்பதை நபிமொழி நூல்கள் வழி அறிகிறோம்.

பட்டம் பெற்றபின் இவ்வுறவு பெயரிலேயே ஒட்டிக்கொள்கிறது. பாக்கியாத்தில் ஓதியவர் பாகவி. பெரம்பூர் ஜமாலிய்யாவில் ஓதியவர் ஜமாலி. நீடூரில் ஓதியவர் மிஸ்பாஹி. லால்பேட்டையில் ஓதியவர் மன்பஈ. இவை வெறும் அலங்காரம் அல்ல. "எனக்கு உடன் ஓதியோர் உளர்" என்னும் அறிவிப்பாகும்.

அவ்வறிவிப்பின் பயனை அம்பத்தூர்ப் பகுதித் திருமணம் ஒன்றில் நாம் நேரில் கண்டோம். தொழிற்பேட்டையும் ஆவடித் தொழிற்சாலைகளும் பல மாவட்டத்தாரை இங்குக் குடியமர்த்தியுள்ளன. உருது பேசுவோரும் தமிழ் பேசுவோரும், ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் ஒரே மஹல்லாவில் வாழ்கின்றனர். அன்று மணமகள் கடற்கரையூர் ஷாஃபிஈ குடும்பத்தவர், தந்தையை இழந்தவர், உடன்பிறந்த ஆண்மகன் இல்லாதவர். வளர்த்த தாய்மாமன் வலியாக முன்வந்தார். இமாமோ ஹனஃபி முறையில் ஓதிய இளைஞர். ஹனஃபி முறையில் பருவமடைந்த பெண் தாமே தாய்மாமனைத் தம் வகீலாக நியமிக்கலாம். ஷாஃபிஈ முறையிலோ வலியின்றி நிகாஹ் இல்லை. அவ்வுரிமை தந்தைவழி உறவினர்க்கே உண்டு. இமாம் சற்றே ஒதுங்கி நின்று, தம்முடன் ஓதிய ஷாஃபிஈ நண்பரைத் தொலைபேசியில் அழைத்தார். சில நிமிடங்களில் தெளிவு பிறந்தது. சபையிலிருந்த சிறிய தந்தையே வலி; அவர் தாய்மாமனைத் தம் வகீலாக நியமித்தால் போதும். அவ்வாறே நிகாஹ் நிறைவேறியது. வளர்த்தவர் மனமும் நோகவில்லை, சட்டமும் வழுவவில்லை.

அவ்விளைஞருக்கு அந்த நண்பர் இல்லாதிருந்தால்? ஒன்று பிழை நேர்ந்திருக்கும். அன்றேல் சபையில் பூசல் எழுந்திருக்கும்.

எனவே, ஓதும் மாணவச் செல்வங்களே, தக்ராரில் உங்களுக்கு எதிர்க்கேள்வி கேட்பவரைப் பகைக்காதீர். நாளை உங்கள் நெருக்கடியில் அவரே துணை. வேறு மத்ஹபினர், வேறு மொழியினர், மூத்த வகுப்பினர் ஆகியோரையும் நாடிப் பழகுங்கள்.

ஜமாஅத்துப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐவேளைத் தொழுகைக்கும் கட்டுப்பட்ட இமாம், புறநகர்ப் பள்ளியொன்றில் தனித்தே வாழ்கிறார். திங்களுக்கு ஒரு நாளேனும் அவருக்கு விடுப்பளித்து, ஜமாஅத்துல் உலமா சபைக் கூட்டத்திற்கோ, உடன் ஓதியோரைக் காணவோ அனுப்பிவையுங்கள். அந்த ஒரு நாள் அவர்க்கு ஓய்வு மட்டுமன்று. நம் இல்லத் திருமணங்களுக்கும் இறுதிக் கடன்களுக்கும் அதுவே காவலாகும்.