பன்னிரண்டுக்கு ஒன்று

1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா ரோடு வரை வந்து சேர்ந்த வண்டிதான் தென்னிந்தியாவில் பொதுஜனங்களுக்காக ஓடிய முதல் ரயில் வண்டி. சில ஆண்டுகளுக்குள் அந்த இருப்புப் பாதை காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர் ஊராக நீண்டு, ஜோலார்பேட்டையைக் கடந்து மேற்குக் கடற்கரையை எட்டிவிட்டது. பாலாற்றங்கரை ஊர்களில் பதனிட்ட தோல் கட்டுக்கட்டாகச் சென்னைத் துறைமுகத்துக்குப் போய்ச் சீமைக்குக் கப்பலேறியதும், அந்த வியாபாரத்தின் வாரிசுகளாக இன்று ஆம்பூர் ஷூ கம்பெனிகள் உலகச் சந்தையில் பெயர் பெற்று நிற்பதும் இந்தப் பாதையின் துணையால் என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் இந்தப் பாதையில் வந்திறங்கியவை சரக்குகள் மட்டுமல்ல. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் வேலூரில் தொடங்கிய சிறு வைத்தியசாலை நாளடைவில் பெரும் மருத்துவக் கல்லூரியாக வளர, வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் இரண்டு மூன்று நாள் பிரயாணம் செய்து வரும் நோயாளிகளின் நம்பிக்கைக்குக் காட்பாடி ஜங்ஷன் வாசற்படியாயிற்று. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களும், கால் இழந்தவர்களும், பார்வை மங்கியவர்களும் இத்தனை பேராக நாள்தோறும் வந்திறங்கும் ஸ்டேஷன் தேசத்தில் வேறு உண்டா என்பது சந்தேகந்தான்.

இத்தகைய ஊரில் பிறந்த ஒரு பெரிய எண்ணத்தை இங்கே நினைவுகூர வேண்டும். 1954-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், வேலூர் மருத்துவமனையைச் சேர்ந்த இளம் மருத்துவர்கள் உல்லாசப் பயணமாகச் சென்ற வண்டி கவிழ்ந்து, டாக்டர் மேரி வர்கீஸ் முதுகுத்தண்டில் காயமுற்று, இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் அற்றவரானார். அறுவை வைத்தியராக வேண்டும் என்று கனவு கண்ட பெண்ணுக்கு இனி என்ன மீதியிருக்கிறது என்று மற்றவர்கள் கலங்கி நின்ற வேளையில், குஷ்டநோயால் மடங்கிப்போன கைகளைச் சீர்செய்வதில் உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்டு, அந்தச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று வழிகாட்டினார். அவ்வாறே சக்கர நாற்காலியில் அமர்ந்து நோயாளிகளின் விரல்களை விடுவித்த மேரி வர்கீஸ், ஆஸ்திரேலியாவிலும் பின்னர் நியூயார்க்கிலும் புனர்வாழ்வு மருத்துவத்தைப் பயின்று திரும்பி, அந்தத் துறையையே வேலூரில் வளர்த்தார். 1966-இல் பாகாயத்தில் திறக்கப்பட்டு இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கும் புனர்வாழ்வு நிலையம் இந்தியாவில் இவ்வகையில் முன்னோடியான ஸ்தாபனங்களுள் ஒன்று. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. காயத்தை ஆற்றுவதோடு வைத்தியரின் கடமை தீர்ந்துவிடுவதில்லை, அந்த மனிதர் மறுபடியும் வீட்டிலும் வீதியிலும் வேலையிலும் தமக்குரிய இடத்தில் போய் அமரும்வரை அது நீள்கிறது என்பதே பாகாயத்தின் பாடம்.

வேலையும் வைத்தியமும் அவசியம் என்று ஒப்புக்கொள்பவர்களுங்கூட, உல்லாசம் என்ற பேச்சை எடுத்தால் சற்றே தயங்குகிறார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அலுவலகத்துக்குப் போகலாம், மனமிருந்தால் கோயிலுக்கும் போகலாம். ஆனால் மலை பார்க்கவும் ரயிலில் ஏறி வேடிக்கை பார்க்கவும் அவருக்கு என்ன அவசரம் என்ற எண்ணம், வெளியே சொல்லப்படாவிட்டாலும், நம்முடைய கட்டடங்களிலும் வண்டிகளிலும் செங்கல்லாகவும் இரும்பாகவும் உறைந்து கிடக்கிறது. மற்றவர்களுக்கு எது ஆனந்தமோ அதுவே அவர்களுக்கும் ஆனந்தம் என்பதை நிரூபிக்க ஒரு சாஸ்திரமும் வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு ரயில்களில் ஆனந்தம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நீலகிரி மலை ரயில். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908-இல் உதகமண்டலம் வரையும் போடப்பட்ட இந்த மீட்டர் கேஜ் பாதை, 46 கிலோமீட்டர் தூரத்தில் 16 குகைகளையும் ஏறக்குறைய 250 பாலங்களையும் கடந்து, கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,200 மீட்டருக்கு ஏறுகிறது. 2005-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. வேலூர்ப் பக்கத்தவர்களுக்கு இங்கே போவது சுலபம். முன்னிரவு கழிந்தபின் காட்பாடியில் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால், விடிந்ததும் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, அதே ஸ்டேஷனில் காத்திருக்கும் மலை வண்டிக்கு மாறிவிடலாம்.

நடக்கக்கூடியவர்களுக்குத்தான் இந்தச் சுலபம். சக்கர நாற்காலியில் வரும் ஓர் ஆம்பூர்க்காரர் இதே பிரயாணத்தை உத்தேசித்தால் என்ன நேரும் என்று பார்ப்போம். நம் ஊர் அகலப்பாதை நிலையங்களில் உயரமான பிளாட்பாரம் என்று சொல்லப்படுவது தண்டவாளத்துக்கு மேல் 76 முதல் 84 சென்டிமீட்டர். பெட்டியின் தரையோ 1.2 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஏறக்குறைய ஒரு முழ உயரமுள்ள இந்த வித்தியாசத்தைப் படிகளால் நிரப்பியிருக்கிறார்கள். படியால் பயனில்லாதவரை நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியதுதான்; தூக்குகிறவர்கள் எவ்வளவு அன்புள்ளவர்களாக இருந்தாலும், வயது வந்த ஒரு மனிதரை ஜனக்கூட்டத்தின் நடுவே மூட்டையைப்போல் உயர்த்தி உள்ளே சேர்ப்பதில் அவருடைய கௌரவத்துக்கு நேரும் ஊறு ஊறுதான். மாற்றுத்திறனாளிகளுக்கென்று கார்டு பெட்டியின் ஒரு பகுதியில் அகன்ற கதவும் விசாலமான கழிப்பறையும் அமைத்துத் தந்திருப்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். துணையின்றிப் பிரயாணம் செய்ய இயலாதவருக்கும் உடன்வருபவருக்கும் சாதாரண வகுப்புகளில் முக்கால் பங்கு கட்டணச் சலுகை உண்டென்பதும் உண்மை. ஆயினும் அந்தப் பெட்டி வண்டியின் கோடியில் இருப்பதால், கூரையும் வெளிச்சமும் குறைந்து பிளாட்பாரம் முடிகிற இடத்துக்கு, வண்டி புறப்படுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

மேட்டுப்பாளையம் சேர்ந்தபின் சிரமம் வேறு ரூபம் எடுக்கிறது. மலை ரயிலின் பழைய பெட்டிகளில் நடுவே நடைபாதை கிடையாது. ஒவ்வோர் அறைக்கும் பக்கவாட்டில் ஒடுங்கிய தனிக் கதவும், உள்ளே எதிரெதிராக முழங்கால் இடிக்கும்படி குறுக்கே போடப்பட்ட ஆசனங்களுமே உண்டு. நாற்காலியோடு நுழைவது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. நாற்காலியை விட்டு ஆசனத்துக்கு மாறிக்கொள்ளக்கூடிய பலம் கையில் உள்ளவர், உதவியோடு ஏறிவிடலாம். அந்தப் பலம் இல்லாதவருக்கு மேட்டுப்பாளையத்தோடு மலை முடிந்துவிடுகிறது.

இந்த மலைப்பாதையைப் பற்றிய ஒரு கணக்கு என்னை நெடுநாளாக யோசிக்க வைத்திருக்கிறது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை உள்ள ஏற்றம், அதிகபட்சமாகப் பன்னிரண்டு அடி தூரத்துக்கு ஓர் அடி உயரம் என்ற விகிதத்தில் அமைந்தது. ஆசியாவிலேயே மிகச் செங்குத்தான ரயில் பாதை என்று இதைச் சொல்வார்கள். சாதாரணச் சக்கரம் இந்த ஏற்றத்தில் வழுக்கிவிடும் என்பதால், தண்டவாளங்களின் நடுவே பல் பல்லாக வெட்டிய இரும்புப் பட்டையைப் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும்படி செய்திருக்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தில் இதற்கென்றே நிர்மாணித்த எஞ்சின்கள் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிச் செல்கின்றன. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் எவ்வளவு சரிவாக இருக்கலாம் என்பதற்குக் கட்டட விதிகள் வகுத்திருக்கும் உச்சவரம்பும் இதே பன்னிரண்டுக்கு ஒன்றுதான். நீராவி எஞ்சினே பற்சக்கரத்தின் துணை தேடும் சரிவை, ஒரு மனிதர் தம் இரு கைகளின் பலத்தால் ஏற வேண்டும் என்று விதி அனுமதிக்கிறது! நம் ஊர்களில் அரசு அலுவலகங்களின் வாசலிலும் கல்யாண மண்டபங்களின் வாசலிலும் பெயருக்கு ஒரு சிமெண்ட் சரிவைப் போட்டுவிட்டு, அது ஆறுக்கு ஒன்றா எட்டுக்கு ஒன்றா என்று அளந்துகூடப் பார்க்காமல் வசதி செய்துவிட்டதாகத் திருப்தி கொள்பவர்கள், அந்தச் சரிவில் தாமே ஒருமுறை கையால் சக்கரத்தை உருட்டி ஏறிப் பார்க்க வேண்டும். ஒரு முழ உயரத்தைச் சமாளிக்கப் பன்னிரண்டு முழ நீளம் வேண்டும் என்ற கணக்கைக் கண்ட பிறகே, பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டால் போதாது, பிளாட்பாரத்தின் ஒரு பகுதியையே பெட்டியின் மட்டத்துக்கு உயர்த்த வேண்டும், இல்லையேல் கையால் இயக்கும் தூக்கிப் பொறி ஒன்றை அங்கே வைக்க வேண்டும் என்பது விளங்கும்.

பாரம்பரியச் சின்னத்தில் கை வைக்கலாமா என்ற ஆட்சேபம் இங்கே எழும். அது அலட்சியப்படுத்தத் தக்கதன்று. பழைய பொருளை அதன் பழைய வடிவில் காப்பாற்றுவது மிக நல்ல காரியம். கல்லாற்றின் பாலங்களையோ குன்னூர் நிலையத்தின் முகப்பையோ இடித்து மாற்ற யாரும் சொல்லவில்லை. ஆனால் ஓடுகிற ரயில், பெட்டகத்தில் வைத்துப் பூட்டிய பொருள் அல்ல. தேய்ந்துபோன ஸ்விஸ் எஞ்சின்களுக்குப் பதிலாக, அதே வடிவில் புதிய நீராவி எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைத் தொழிற்சாலை கட்டித் தந்திருக்கிறது, பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையும் இந்தப் பாதைக்கென்றே புதுப் பெட்டிகளைச் செய்தளித்திருக்கிறது. இவற்றால் மலை ரயிலின் பாரம்பரியத்துக்குக் குறை வந்துவிட்டதாக எவரும் சொல்லவில்லை. அப்படியிருக்க, வெளித்தோற்றம் சற்றும் மாறாமல் ஒரே ஒரு பெட்டியின் ஒரே ஒரு கதவை மாத்திரம் அகலமாக வைத்து, உள்ளே நான்கு ஆசனங்களை நீக்கி நாற்காலி நிற்க இடம் செய்து, அதை நிறுத்திக் கட்டக் கொக்கிகள் பொருத்தினால் மட்டும் பாரம்பரியம் கெட்டுவிடும் என்பது எந்த விதத்தில் நியாயம்? வேல்ஸ் நாட்டின் ஃபெஸ்டினியோக் ரயில் நீலகிரிப் பாதையைவிடக் குறுகலானது, அதைவிடப் பழமையானது. அங்கே சக்கர நாற்காலி ஏறும் பெட்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இங்கிலாந்தின் பழைய ரயில் சங்கத்தார் பலர் இன்னும் சாமர்த்தியமான வழி ஒன்றைக் கைக்கொண்டார்கள். சாமான் ஏற்றுவதற்காக ஆதியிலேயே அகன்ற இரட்டைக் கதவுகளோடு கட்டப்பட்ட கார்டு வண்டிகளைத் தேடியெடுத்து, வெளிப்புறத்தைத் தொடாமல் உட்புறத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

2001-ஆம் ஆண்டு ஜனவரியில் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் இந்தியாவுக்கு வந்தபோது, டெல்லியில் குதுப் மினார் முதலிய சின்னங்களைக் காண அவர் விரும்பினார். தொல்லியல் துறை அவசர அவசரமாக மரச் சாய்தளங்களை அமைத்தது. அந்த மகா மேதைக்காக ஒரு சில நாளில் முடிந்த காரியம், அதற்கு முன் ஐம்பது ஆண்டுகளாக நம் நாட்டு மாற்றுத்திறனாளிகளுக்கு முடியாததாக இருந்தது என்பதை ஜாவேத் அபிதி போன்ற உரிமைப் போராளிகள் அப்போதே எடுத்துச் சொன்னார்கள். பிறகு சட்டங்கள் வந்தன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடங்களையும் போக்குவரத்தையும் எல்லோரும் அணுகும்படி செய்வதை அரசின் கடமையாக்கியது. விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் பழைய கட்டடங்களையும் திருத்த வேண்டும் என்றது. அந்த ஐந்து ஆண்டுகள் 2022-இலேயே கடந்துவிட்டன. பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8-ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அணுகுவசதி பற்றிய விதி வெறும் சிபாரிசாக இருப்பது சட்டத்துக்கே முரணானது என்று கூறி, கட்டாயமான தரங்களை மூன்று மாதங்களுக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்குக் கட்டளையிட்டது.

அணுகுவசதி என்றதும் சாய்தளத்தை மாத்திரம் நினைப்பதும் ஒரு குறைதான். காட்பாடிக்கு அருகே கரிகிரியில் 1955 முதல் நடந்துவரும் குஷ்டநோய் ஆராய்ச்சி நிலையத்தில் பாதம் உணர்விழந்தவர்களைக் கண்டவர்களுக்கு வேறொரு விஷயம் புரியும். அவர்களால் நடக்க முடியும். பார்ப்பவர் கண்ணுக்குக் குறையொன்றும் தெரியாது. ஆனால் வெயிலில் காய்ந்த இரும்புக் கைப்பிடி உள்ளங்கையைச் சுடுவதும், படியின் கூர்மையான விளிம்பு காலைக் கிழிப்பதும் அவர்களுக்கு வலிக்காது. இரவில் கட்டில் விரிப்பில் ரத்தத்தைக் கண்ட பின்புதான் காயம் பட்டது தெரியும். அவர்களுக்காக மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்புகளைப் பால் பிராண்டும் அவருடைய சகாக்களும் வேலூர் மண்ணில்தான் செய்து பழகினார்கள். காலணித் தொழிலுக்குப் பெயர் போன பிரதேசத்தில் அது பொருத்தமாகவே நடந்தது. அத்தகையவருக்கு ரயிலில் வேண்டுவது, கைப்பிடிக்கு ஓர் உறையும் படியின் விளிம்புக்கு ஒரு ரப்பர் பட்டையுமே. செலவு எவ்வளவு ஆகிவிடும்?

பார்வையற்றவருக்கோ மலை ரயில் ஏற்கெனவே பாதி திறந்திருக்கிறது. பற்சக்கரம் இரும்பைக் கவ்வும் ஓசையும், குகைக்குள் நுழைந்ததும் சட்டென்று மாறும் எதிரொலியும், குன்னூரை நெருங்கும்போது முகத்தில் படும் குளிரும், யூகலிப்டஸ் வாசனையும் கண்ணுள்ளவர்கள் பாதி கவனியாமல் விட்டுவிடும் செல்வங்கள். மீதிப் பாதிக்கு, இப்போது எந்தப் பாலத்தில் போகிறோம், கீழே பள்ளம் எவ்வளவு ஆழம் என்று சொல்லும் ஒரு குரலும், நிலையத்தில் கையால் தடவி அறியும்படி எஞ்சினின் சிறிய மாதிரி ஒன்றும் போதும். காது கேளாதவருக்கு அதே செய்திகள் எழுத்தில் வேண்டும்.

சென்னையில் 2022 மே மாதம் பிரதமர் அடிக்கல் நாட்டிய ஐந்து ரயில் நிலையங்களுள் காட்பாடியும் ஒன்று. புதிய கட்டடங்கள் எழும்புகிற இந்தச் சந்தர்ப்பத்தில், வரைபடத்தைப் பார்த்து ஒப்புதல் தருபவர்களோடு பாகாயத்தில் பயிற்சி பெறுவோரையும் உட்கார வைக்க வேண்டும். மின்தூக்கி எந்தப் பிளாட்பாரத்தின் எந்த இடத்தில் இறங்கினால் கடைசிப் பெட்டிக்கு வண்டி நிற்கும் நேரத்துக்குள் போய்ச் சேரலாம் என்பதை அவர்களைக் காட்டிலும் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் இல்லை. மலை ரயிலுக்கு அகலக் கதவுப் பெட்டி ஒன்றைச் செய்ய ஐ.சி.எஃப். முன்வருமானால், மாதிரிப் பெட்டிக்கு வர்ணம் பூசுவதற்கு முன் அவர்களில் நாலைந்து பேரைப் பெரம்பூருக்கு வரவழைத்து, அவரவர் நாற்காலியிலேயே ஏறி இறங்கச் சொல்லி, இடிக்கிற இடங்களையெல்லாம் சாக்குக்கட்டியால் குறித்துக்கொள்ளலாம். ஒரு நாள் வேலை அது.