அச்சுப்பொறியும் கைப்பேசியும்

மாணவர்களே, தரங்கம்பாடிக்கு அருகில், பொறையாற்றை அடுத்து, கடுதாசிப்பட்டறை என்றோர் இடம் உண்டு. கடுதாசி என்பது காகிதம். பட்டறை என்பது தொழிற்கூடம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே காகிதம் செய்தார்கள். ஆலை மறைந்துவிட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. எங்கள் காடாம்புலியூரிலிருந்து சிதம்பரம், சீர்காழி வழியாகத் தெற்கே சென்றால் அவ்விடத்தைக் கண்டுவரலாம். கைப்பேசியையும் சமூக ஊடகங்களையும் கிறிஸ்தவ நம்பிக்கையுடையோர் எவ்வாறு விவேகத்துடன் கையாள வேண்டும் என்பது குறித்து உங்களுக்குச் சொல்ல வேண்டுமென என்னைக் கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பட்டறைதான். சமயப் பற்று மிகுந்த மனிதரின் கையில் புதியதொரு கருவி கிடைத்தால் என்னென்ன நேரும் என்பதை, நன்மையும் தீமையுமாக, அந்தக் கடற்கரை நமக்குக் காட்டுகிறது.

தமிழ் அச்சின் தொடக்கம் தரங்கம்பாடி அன்று. 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் அன்றிக்கே அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகியிருந்தது. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல் அது. ஆனால் அச்சகத்தை அன்றாடத் தொழிலாக ஊன்றச் செய்த பெருமை தரங்கம்பாடிக்கு உரியது.

டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்ட சீகன்பால்கு, புளூட்சோ என்னும் இரு ஜெர்மானிய இளைஞர் 1706 ஜூலையில் அங்கே கரையிறங்கினர். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த செய்தி இதுவே. பின்னர் அவர் எழுதிய நூல்கள்கூட இதற்கு அடுத்துத்தான்.

அச்சுப்பொறி வந்த கதை சுவையானது. லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அதனைக் கப்பலேற்றி அனுப்பியது. வழியில், பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவில், பிரெஞ்சுக்காரர் அக்கப்பலைக் கைப்பற்றினர். கப்பலின் அடித்தளத்தில் கிடந்த பொறி அவர்கள் கண்ணில் படாமல் தப்பியது. அதனை இயக்குவதற்கென்று உடன் வந்தவரோ தரங்கம்பாடியைக் காணாமலே நோயுற்று இறந்தார். 1712இல் பொறி வந்துசேர்ந்தபோது அதனுடன் இருந்தவை ரோமன் எழுத்துகளே. மறு ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன, அவை மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கிவிடும். ஆகவே பொறையாற்றிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி அவற்றைச் செய்தனர் என்று கூறுவதுண்டு. காகிதத்துக்கும் தட்டுப்பாடு வந்தது, கடுதாசிப்பட்டறை பிறந்தது. 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது.

கைப்பேசி என்றாலே சாத்தானின் கருவி என்று சில பெரியவர்கள் பேசக் கேட்கிறேன். அவர்கள் கையில் வைத்திருக்கும் தமிழ் வேதாகமமே ஒரு காலத்துப் புதுமைக் கருவியின் விளைவு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆயினும் வரலாற்றின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1713இல் அந்த அச்சகத்திலிருந்து தொடக்கத்திலேயே வெளிவந்த தமிழ் நூல்களுள் ஒன்று 'அக்கியானம்' என்பது. இந்நாட்டு மக்களின் வழிபாட்டை அருவருக்கத்தக்க அறியாமை என்று அது பழித்துரைத்தது. அதே ஆண்டில் சீகன்பால்கு மற்றொரு நூலையும் எழுதி முடித்தார். தமிழர் வணங்கும் தெய்வங்களைப் பற்றி, தமிழரிடமே கேட்டும் அவர்கள் ஏடுகளைப் படித்தும் எழுதிய விரிவான நூல் அது. அவருடைய வினாக்களுக்குத் தமிழர் எழுதி அனுப்பிய விடைக்கடிதங்கள், 99 என்பர், ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சேறின. தெய்வங்களைப் பற்றிய நூலுக்கோ அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. புறச்சமயத்தை ஒழிப்பதற்கு அனுப்பப்பட்டவர் அதனைப் பற்றி எழுதிப் பரப்புவதா என்பது ஹாலேயில் இருந்தோரின் கருத்து. கையெழுத்துப் படியாகக் கிடந்த அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சாயிற்று. பழித்த நூல் உடனே வெளிவந்தது. கேட்டறிந்து எழுதிய நூலுக்கு 154 ஆண்டுகள் ஆயின. எழுதியவர் ஒருவரே, பொறியும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள்.

கிறிஸ்தவர் தமக்குள்ளேயும் இக்கருவியைக் கொண்டு மோதிக்கொண்டனர். 1728இல் தரங்கம்பாடியார் கத்தோலிக்கரைத் தாக்கித் 'திருச்சபை பேதகம்' என்பதை வெளியிட்டனர். 'தேம்பாவணி' பாடிய வீரமாமுனிவர் அதற்குப் 'பேதகம் மறுத்தல்' எழுதினார். 'லுத்தேர் இனத்தியல்பு' என்பதும் அவர் எழுதியதே. அழகிய காவியம் பாடிய அதே கைதான் இவற்றையும் எழுதியது. இன்று சபைகளின் பெயரால் நடக்கும் வாட்ஸ்அப் சண்டைகளைக் காணும்போது, நம் முன்னோரைக் குறைகூறவும் எனக்கு மனம் வருவதில்லை. நம்மைப் பாராட்டவும் மனம் வருவதில்லை.

எனினும் பழைய அச்சுக்கு ஒரு நற்பண்பு இருந்தது. அது மெதுவானது. எழுத்தைக் கோக்க வேண்டும், மை தடவ வேண்டும், தாளை உலர்த்த வேண்டும், பிழை திருத்த வேண்டும். கோபம் ஆறுவதற்கு அவகாசம் இருந்தது. கைப்பேசியில் அந்த அவகாசம் இல்லை. கணக்கு வகுப்பில் பெருக்குத் தொடர் படித்திருப்பீர்கள். ஒருவர் ஐவருக்கு அனுப்புகிறார். அவ்வைவரும் ஆளுக்கு ஐவருக்கு அனுப்புகிறார்கள். ஏழாம் படியில் 78,125 பேர் ஆகிவிடுகிறார்கள். ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரு செய்தியை முன்னனுப்ப இயலாதபடி 2018 ஜூலையில் இந்தியாவில் வாட்ஸ்அப் நிறுவனம் வரையறை செய்தது; பலமுறை பரவிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கியது. அந்த வரையறை ஏன் வந்தது என்பதைச் சொல்லும்போது என் தவற்றையும் சொல்லியாக வேண்டும்.

2018 மே மாதம். நான் பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு. குழந்தைகளைக் கடத்தும் வடநாட்டுக் கும்பல் ஒன்று நம் மாவட்டத்தில் நுழைந்துவிட்டது என்ற செய்தி, ஒரு குரற்பதிவுடன், காலையில் எனக்கு வந்தது. அனுப்பியவர் மதிப்புக்குரியவர். குழந்தைகளின் நலன் ஆயிற்றே என்று எண்ணி, பழைய மாணவர் குழுவுக்கும் ஆலயத்துச் சபையார் குழுவுக்கும் அனுப்பிவிட்டு, காலை ஜெபத்துக்கு அமர்ந்தேன். ஐயமே எழவில்லை.

இரண்டு நாள் கழித்து, எங்கள் தெருவில் முந்திரிக்கொட்டை உலர்த்தும் களத்தருகே கூச்சல் கேட்டது. படுக்கை விரிப்புகளை மிதிவண்டியில் வைத்து விற்க வந்த வடநாட்டுக்காரர் ஒருவரைப் பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்து நின்றனர். அவருடைய உதட்டில் இரத்தம். நான் விலக்கப் போனேன். என்னிடம் படித்த இளைஞன் ஒருவன் கைப்பேசியை நீட்டி, "ஐயா, நீங்கள் அனுப்பியதுதானே!" என்றான். அவனுக்கு அதுவே சான்று. தலைமையாசிரியர் பொய் சொல்லமாட்டார் என்ற அவனது நம்பிக்கையே அன்று ஆயுதமாகியிருந்தது. அவரை என் வீட்டுத் திண்ணையில் அமர்த்தி, தண்ணீர் கொடுத்து, காவலர் வரும்வரை வாயிலில் நின்றேன். உயிருக்கு ஊறு நேரவில்லை. அதே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பத்தின் மூதாட்டி, பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தார் என்பதற்காக, அடித்தே கொல்லப்பட்டார். அந்நாட்களில் இந்தியாவெங்கும் பரவிய கடத்தல் காட்சிகளுள் ஒன்று, உண்மையில் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம் என்பது பின்னர்த் தெரிந்தது. அறிவுரை கூறும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டி எறிந்திருந்தார்கள்.

பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்ற கட்டளையைச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தவன் நான். அதனைக் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் எட்டாவது என்று எண்ணுவர். வேறு சபையார் ஒன்பதாவது என்பர். எண்ணிக்கையில் வேற்றுமை உண்டு, கட்டளையில் இல்லை. நீதிமன்றத்தில் நிற்பவர்க்கு மட்டுமே அது உரியது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சாட்சி என்பவன் தான் கண்டதையும் அறிந்ததையும் சொல்பவன். பிறர் சொன்னதைத் தன் பெயரால் அனுப்புகிறவனும் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகிறான். அந்த ஆண்டு ஜனவரியில்தான் போப் பிரான்சிஸ் பொய்ச் செய்திகளைப் பற்றித் தம் உலகத் தொடர்பு நாள் செய்தியை வெளியிட்டு, ஆதியாகமத்துச் சர்ப்பத்தின் பேச்சையே அத்தகைய முதற்செய்தியாகக் காட்டியிருந்தார். பாதி உண்மையைக் கலந்து பேசுவதே அதன் தந்திரம். அச்செய்தியை நான் மே மாதத்துக்குப் பின்னரே படித்தேன்.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. பணியில் இருந்தபோது, ஒரு மாணவனின் மாற்றுச் சான்றிதழில், சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து பிறந்த தேதியை ஒப்பிட்டுப் பாராமல் நான் ஒப்பமிட்டதே இல்லை. பெற்றோர் வெயிலில் காத்து நின்றாலும் பதிவேடு வந்தாக வேண்டும். ஒரு தேதிக்கு அவ்வளவு எச்சரிக்கை காட்டியவன், ஓர் இனத்து மனிதரைக் குற்றவாளிகளாக்கும் செய்தியை எந்தப் பதிவேட்டையும் பாராமல் அனுப்பினேன். இப்போது எனக்கு வரும் செய்திகளை அப்படித்தான் பார்க்கிறேன்: இதற்குப் பதிவேடு எது? யார் கண்டது? எந்த ஊர், எந்த நாள்? இதில் பழிக்கப்படுகிறவர் என் திண்ணையில் அமர்ந்திருந்தால், அவர் முகத்தைப் பார்த்து இதை வாசித்துக் காட்டுவேனா? விடை கிடைக்காத செய்தி என் கைப்பேசியிலேயே தங்கிவிடுகிறது. சில உறவினர்க்கு இதனால் என்மேல் வருத்தமும் உண்டு; நற்செய்தியைக்கூடப் பகிரமாட்டேன் என்கிறாரே என்று.

அன்று மாலை இரு குழுக்களிலும் எழுதினேன்: நான் அனுப்பிய செய்தி பொய், ஆராயாமல் அனுப்பினேன், அதனால் ஒருவர் அடிபட்டார், நீங்கள் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கு இதனையும் அனுப்புங்கள். ஞாயிறன்று ஆராதனை முடிந்தபின் வாசலில் நின்றவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். முதற்செய்தியை ஏறக்குறைய எல்லோரும் யாருக்கேனும் அனுப்பியிருந்தார்கள். மறுப்பை அனுப்பியவர் மூவர்.