காற்றில் கரையும் 65 காசு

டீசல் ஜெனரேட்டர் ஒன்றில் ஒரு ரூபாய்க்கு எரிபொருள் ஊற்றினால், அதில் ஏறத்தாழ 35 காசு மட்டுமே மின்சாரமாக நம் கைக்குத் திரும்பி வருகிறது. எஞ்சிய 65 காசு வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. நம் ஊர்களில் இந்த வெப்பம் ஒரு தொல்லை. ஜெனரேட்டர் அறையில் ஐந்து நிமிடம் நின்றவர்கள் அதனை நன்கு அறிவார்கள். ஆனால், வெளியே வெப்பநிலை மைனஸ் 40 பாகை வரை இறங்கும் ஓர் ஊரில் அதே வெப்பம் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைக்கும். குடிநீர்க் குழாய் உறைந்துபோகாமல் காக்கும். வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள அலாஸ்கா மாநிலத்துச் சிற்றூர்கள், கைவிட்டுப் போகும் அந்தக் காசுகளைப் பொறுக்கிச் சேர்க்கும் வழியை நெடுநாள்களாகக் கையாண்டு வருகின்றன. வரவுசெலவில் அக்கறையுள்ள எவரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

எங்கே போகிறது வெப்பம்?

எரிபொருளின் வெப்பம் முழுவதையும் இயக்கமாக மாற்றும் எந்திரம் உலகில் இல்லை. அப்படி ஒன்றை உருவாக்கவும் இயலாது என்பதற்கான அடிப்படையை, பிரெஞ்சுப் பொறியாளர் சாதி கார்னோ 1824ஆம் ஆண்டிலேயே தம் நூலில் வகுத்துத் தந்தார். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் ஆற்றல் அடங்கியுள்ளது. நல்ல நிலையில் உள்ள ஜெனரேட்டர் அதிலிருந்து மூன்றரை யூனிட் மின்சாரம் தருகிறது. ஏறத்தாழ மூன்று யூனிட், எந்திரத்தைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீரில் சேர்ந்து ரேடியேட்டர் வழியே வெளியேறுகிறது. இன்னொரு மூன்று யூனிட் புகைபோக்கியில் போகிறது. மீதி, எந்திரத்தின் உடம்பிலிருந்து நேராக அறைக்குள் கசிகிறது.

குளிர்விப்பு நீரின் வெப்பத்தைப் பயன்கொள்வது புதுமையன்று. குளிர்காலத்தில் மலைப்பாதையில் காரோட்டுபவர் ஹீட்டரைத் திருப்பினால் உள்ளே வரும் கதகதப்பு, எந்திரத்தைக் குளிர்வித்த நீரிலிருந்து எடுக்கப்பட்டதே. அதற்கெனத் தனியாக எரிபொருள் செலவாவதில்லை. மின்சார வரலாற்றின் தொடக்கத்திலும் இந்த எண்ணம் இருந்தது. தாமஸ் எடிசன் 1882இல் நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் அமைத்த மின்நிலையம், மின்சாரத்தோடு அண்டைக் கட்டடங்களுக்கு நீராவியையும் வழங்கியது. பின்னர் மின்நிலையங்கள் பெரிதாகி ஊரைவிட்டு விலகிப் போயின. வெப்பத்தைக் கம்பியில் அனுப்ப முடியாதாகையால், அது ஆங்காங்கே வீணாயிற்று. மின்நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கும் சிற்றூர்களில் மட்டும் அந்தப் பழைய வாய்ப்பு இன்னும் மிஞ்சியிருக்கிறது.

சாலை இல்லாத ஊர்கள்

அலாஸ்காவின் பரப்பளவு ஏறக்குறைய 17 லட்சம் சதுர கிலோமீட்டர்; இந்தியாவில் பாதிக்கும் சற்று மேல். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏழே கால் லட்சத்தைச் சற்றே தாண்டுகிறது. யூக்கான், குஸ்கோக்விம் ஆற்றங்கரைகளிலும் பெரிங் கடலோரத்திலும் யூபிக், இனுபியாக் முதலிய தொல்குடி மக்கள் சில நூறு பேர் கொண்ட ஊர்களில் வாழ்கின்றனர். இவ்வூர்களில் பெரும்பாலானவற்றை வெளியுலகோடு இணைக்கும் சாலை கிடையாது. மாநில மின்தொகுப்பும் அங்கு எட்டுவதில்லை. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சிறு மின்நிலையம். அதில் இரவும் பகலும் ஓடும் டீசல் ஜெனரேட்டர்கள். 1968இல் தொடங்கப்பட்ட அலாஸ்கா கிராம மின் கூட்டுறவுச் சங்கம், நுகர்வோரையே உரிமையாளர்களாகக் கொண்டு இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு மின்சாரம் வழங்குகிறது.

ஆறும் கடலும் உறையாத சில மாதங்களில் மட்டுமே எரிபொருள் ஏற்றிய தட்டையடிக் கலங்கள் இவ்வூர்களை அடைய முடியும். எனவே ஓராண்டுக்குத் தேவையான டீசலைக் கோடையிலேயே வாங்கித் தொட்டிகளில் நிரப்பியாக வேண்டும். ஆண்டு முழுவதற்குமான தொகையை ஒரே நாளில் புரட்டுவது சிற்றூரின் சக்திக்கு அப்பாற்பட்டது. இதற்கெனவே அம்மாநில அரசு மொத்த எரிபொருள் கொள்முதலுக்கான சுழல்நிதிக் கடன் திட்டம் ஒன்றை நடத்துகிறது. விதைப்புக் காலத்தில் பயிர்க்கடன் பெற்று அறுவடைக்குப் பின் அடைக்கும் நம் உழவர்களின் நிலையோடு இதனை ஒப்பிடலாம். ஒரு வேறுபாடு உண்டு: இங்கே கடன் வாங்கிப் பெற்ற பொருள் விளைவதில்லை, எரிந்து தீர்கிறது. தொட்டியில் உள்ள டீசல் வசந்தத்திற்கு முன் தீர்ந்துபோனால் விமானத்தில் கொண்டுவர வேண்டும். அதன் செலவு பன்மடங்கு.

மின்கட்டணத்தின் சுமையைக் குறைக்க, 1980களின் நடுப்பகுதியிலிருந்து மின்விலைச் சமன்பாட்டுத் திட்டத்தின் வாயிலாக அரசு மானியம் அளிக்கிறது. ஆனால் அம்மானியம் மின்சாரத்திற்கு மட்டுமே. கட்டடத்தைச் சூடாக்க எரிக்கும் எண்ணெய்க்கு அது பொருந்தாது. ஆகவேதான், வீணாகும் வெப்பத்தால் மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் ஊரின் சொந்தப் பணமாகிறது.

வெப்பம் ஊருக்குள் வரும் வழி

இந்த அமைப்பின் வடிவம் எளியது. எந்திரத்திலிருந்து 80 முதல் 90 பாகை வெப்பத்தில் வெளிவரும் குளிர்விப்பு நீர், ரேடியேட்டருக்குப் போகும் முன் வெப்பப் பரிமாற்றி ஒன்றின் வழியே செல்கிறது. மெல்லிய உலோகத் தகடுகள் அடுக்கிய அந்தக் கருவியில் தகட்டின் ஒருபுறம் எந்திரத்தின் நீர் ஓடுகிறது. மறுபுறம் ஊருக்குச் செல்லும் திரவம் ஓடுகிறது. இரண்டும் கலப்பதில்லை, வெப்பம் மட்டும் கைமாறுகிறது. ஊர்ப்பக்கக் குழாயில் கசிவு ஏற்பட்டாலும் எந்திரத்திற்குக் கேடு நேராதிருக்க இந்தப் பிரிவினை இன்றியமையாதது. ஊருக்குச் செல்லும் திரவத்தில் உறையாமைக்காகக் கிளைக்கால் கலக்கப்படுகிறது. தடித்த காப்புறை போர்த்திய குழாய்கள் அதனைப் பள்ளிக்கும், மருத்துவ நிலையத்திற்கும், குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்திற்கும் எடுத்துச் செல்கின்றன. அங்குள்ள எண்ணெய்க் கொதிகலனுக்கு வரும் நீர் முன்னதாகவே சூடேறி விடுவதால், கொதிகலன் எரிய வேண்டிய நேரம் குறைகிறது. சில நாள்களில் எரியவே தேவையில்லாமலும் போகிறது.

புகையின் வெப்பத்தையும் ஏன் பிடிக்கவில்லை என்ற வினா எழலாம். புகையை மிகுதியாகக் குளிர்வித்தால் அதிலுள்ள நீராவி படிந்து உலோகத்தை அரிக்கும். கரியும் படிந்து வழியை அடைக்கும். அதனைச் சுத்தம் செய்யும் வேலை சிற்றூரில் பெருஞ்சுமை. ஆகவே பெரும்பாலான ஊர்கள் குளிர்விப்பு நீரின் வெப்பத்தோடு நிறைவு கொள்கின்றன.

எல்லாவற்றினும் பெரிய பயன் குடிநீருக்கே. நிலம் ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கும் இடங்களில் குடிநீரைச் சூடாக்கி, குழாய்களில் நில்லாமல் சுழலவிட்டால்தான் அது உறையாதிருக்கும். வீட்டுக் குழாய் இன்னும் வராத ஊர்களில், குளிக்கவும் துணி துவைக்கவும் நீர் பிடிக்கவும் ஒரு பொதுக் கட்டடம் உண்டு. அதனைச் சூடாக்கும் செலவு கைமீறினால் திறந்திருக்கும் நேரம் சுருங்கும், கட்டணம் ஏறும், மக்கள் நீரைச் சிக்கனம் செய்வார்கள். கைகழுவும் நீரைச் சிக்கனம் செய்யும் ஊரில் குழந்தைகளுக்குத் தொற்றுநோய் பெருகும். அலாஸ்கா தொல்குடி மக்கள் சுகாதாரக் கூட்டமைப்பு என்னும் மருத்துவ நிறுவனம் இத்தகைய வெப்ப மீட்புத் திட்டங்களை வடிவமைத்துத் தருவதன் காரணம் இதுவே.

ஓர் எளிய கணக்கு

விளக்கத்திற்காக ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் சராசரி மின்தேவை 200 கிலோவாட். லிட்டருக்கு மூன்றரை யூனிட் வீதம் மணிக்கு 57 லிட்டர் டீசல் செலவாகும். குளிர்விப்பு நீரில் சேரும் வெப்பம் மணிக்கு ஏறத்தாழ 170 யூனிட். குழாயில் இழப்பு, தேவை குறைந்த நேரங்கள் ஆகியவற்றைக் கழித்துப் பாதிதான் பயன்பட்டது என்று கொள்வோம்; அப்போதும் 85 யூனிட் கிடைக்கும். கொதிகலனில் ஒரு லிட்டர் எண்ணெய் எரித்தால் கட்டடத்திற்குச் சேரும் வெப்பம் சுமார் 8 யூனிட். எனவே மணிக்கு 10 லிட்டருக்குக் குறையாமல் மிச்சமாகும். 200 நாள் குளிர்காலத்தில் இது 48,000 லிட்டர். சில நூறு பேர் வாழும் ஊருக்கு இது சிறு தொகையன்று.

குளிர் மிகும்போது விளக்கும் எந்திரங்களும் கூடுதலாக ஓடுவதால் மின்தேவையும் கூடுகிறது, வெப்பமும் கூடுகிறது. தேவையும் வரவும் ஒரே பருவத்தில் உயர்வது இத்திட்டத்தின் இயல்பான நற்பேறு.

வெப்பத்திற்கு விலை உண்டா?

எரிபொருளை வாங்கியது மின்சங்கம். பயன் பெறுவது பள்ளி நிருவாகமோ ஊர்மன்றமோ. வெப்பம் எப்படியும் வீணாகத்தானே போகிறது, இலவசமாகத் தரலாமே என்று தோன்றும். ஆனால் குழாயையும் பம்பையும் யார் பழுது பார்ப்பது? இதற்கு விடையாக வெப்ப விற்பனை ஒப்பந்தம் எழுதப்படுகிறது. மிச்சமாகும் எண்ணெயின் மதிப்பில் ஒரு பங்கை மின்சங்கம் பெறும்; மீதி பயனாளருக்குச் சேமிப்பு. இருவருக்கும் ஆதாயம் இருந்தால்தான் இருவரும் அமைப்பைக் கண்போல் காப்பர். தொடக்க முதலீட்டிற்கு 2008இல் ஏற்படுத்தப்பட்ட மாநிலப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நிதி பல ஊர்களுக்கு உதவியுள்ளது.

இதில் ஒளிந்திருக்கும் இடர் ஒன்றைக் கூறியாக வேண்டும். வெப்பக் குழாயில் அடைப்பு ஏற்பட்டாலோ பம்பு நின்றாலோ எவருக்கும் குளிராது. பள்ளியின் கொதிகலன் தானாகவே எரியத் தொடங்கிவிடும். அறை கதகதப்பாகவே இருக்கும். எண்ணெய் மட்டும் சத்தமின்றிக் கரையும். அடுத்த கோடையில் தொட்டியை அளக்கும்போதுதான் உண்மை தெரியும். ஆகவே எவ்வளவு வெப்பம் வந்தது என்று அளக்கும் மானியும், அதனை நாள்தோறும் படித்துக் குறிக்கும் உள்ளூர்ப் பணியாளரும் குழாயைப் போலவே முக்கியம். கணக்கு எழுதாத சேமிப்பு நிலைப்பதில்லை என்பது வங்கிக்கு மட்டும் உரிய பாடமன்று.

இடமும் ஒரு சிக்கல். தீ அச்சத்தாலும் இரைச்சலாலும் மின்நிலையத்தை ஊர்க்கோடியில் வைக்கவே விரும்புவர். வெப்பமோ அருகாமையைக் கேட்கிறது. தொலைவு கூடக் கூடக் குழாயின் விலையும் இழப்பும் ஏறி, ஒரு கட்டத்தில் சேமிப்பை விழுங்கிவிடும். புதிய மின்நிலையம் கட்டும்போதே இரண்டையும் சேர்த்து எண்ணுவதுதான் அறிவுடைமை.

காற்றாலைகள் வந்தபின் வேறொரு கேள்வி எழுந்துள்ளது. காற்று வீசும்போது டீசல் குறைவாக எரியும். மீட்கும் வெப்பமும் குறையும். குஸ்கோக்விம் வளைகுடாப் பகுதியின் கொங்கிகனாக் போன்ற ஊர்கள் இதற்கு ஒரு விடை கண்டுள்ளன. மிகுதியான காற்றாலை மின்சாரத்தை, வீடுகளில் உள்ள வெப்பச் சேமிப்பு அடுப்புகளில் உள்ள கற்களைச் சூடாக்கச் செலவிடுகின்றன. காற்று ஓய்ந்த பின்னும் கற்கள் கதகதப்பைத் தருகின்றன.

நம் நாட்டிற்கு என்ன தொடர்பு?

அண்டார்க்டிகாவின் லார்ஸ்மன் குன்றுகளில் 2012 முதல் இயங்கும் நம் நாட்டின் பாரதி ஆய்வு நிலையம் இதே நெறியைப் பின்பற்றுகிறது. 134 கப்பல் கொள்கலன்களை உள்ளடக்கிக் கட்டப்பட்ட அந்நிலையத்தில், மின்சாரம் தரும் எந்திரங்களின் வெப்பமே கட்டடத்தைச் சூடாக்குகிறது. லடாக்கின் லே நகருக்கு ஸ்ரீநகரிலிருந்து 220 கிலோவோல்ட் மின்தடம் 2019இல் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. அத்தகைய தடம் எட்டாத மலையூர்களிலும் காவல் முகாம்களிலும் ஜெனரேட்டர் இடைவிடாது ஓடுமாயின், இம்முறைக்கு அங்கே இடமுண்டு. மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடும் எந்திரத்திற்கு இவ்வளவு செலவு கட்டுப்படியாகாது.

சமவெளியில் உள்ளோர்க்கும் இதில் பயனுண்டு. கரும்புச் சக்கையை எரித்து மின்சாரமும் ஆலைக்கு வேண்டிய நீராவியும் ஒருங்கே பெறும் சர்க்கரை ஆலைகள் தமிழகத்திற்குப் புதியவை அல்ல. சொந்த எந்திரத்தில் நெடுநேரம் மின்சாரம் ஆக்கும் தொழிற்கூடம், மருத்துவமனை, விடுதி ஆகியவற்றை நடத்துவோர் நான்கு வினாக்களை எழுப்பிப் பார்க்கலாம். எந்திரம் நாளொன்றுக்கு எத்தனை மணி ஓடுகிறது? அதே நேரத்தில் வெந்நீரோ நீராவியோ தேவைப்படுகிறதா? தேவைப்படும் இடம் எவ்வளவு தொலைவில் உள்ளது? பராமரிப்புக்கு ஆள் உண்டா? நான்கிற்கும் விடை சாதகமாக இருந்தால், தகுதி வாய்ந்த பொறியாளரிடம் மதிப்பீடு பெற்று, முதலீடு எத்தனை ஆண்டுகளில் திரும்பும் என்று கணக்கிட்ட பின் கடன் குறித்துச் சிந்திக்கலாம். ஒன்றேனும் சாதகமாக இல்லையென்றால், பணத்தை வேறு வழியில் செலவிடுவதே நன்று.

அலாஸ்காவின் சிற்றூர் மக்கள் புதிதாக எரிபொருள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கியதை இரண்டாம் முறையும் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவே. பனி சூழ்ந்த அவ்வூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மேலங்கியைக் கழற்றிவிட்டு அமர்ந்து பாடம் படிக்க, அந்த இரண்டாம் முறை போதுமானதாக இருக்கிறது.