தேறலுக்குத் தேன் வாங்குதல்

நியூ ஜெர்சியில் இருக்கும் கல்லூரி நண்பன் ஒருவனிடமிருந்து போன மாதம் ஒரு மின்னஞ்சல். எங்கள் ஊர்க்காரன்தான், கோயம்புத்தூரில் எம்.ஈ. படித்தபோது ஒரே விடுதி. "மக்கா, வீட்டில் மீட் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். நல்ல தேன் வாங்கினால் கட்டுப்படியாகாது, விலை குறைந்த தேன் எல்லாம் சர்க்கரைப் பாகு என்கிறார்கள். உங்கள் வீட்டில்தான் தேன்பெட்டி இருந்ததே, எதை வாங்குவது என்று சொல்லு" என்று எழுதியிருந்தான். மீட் என்பது தேனையும் தண்ணீரையும் கலந்து நொதிக்க வைத்த மது. அவனுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனதால், அதைக் கொஞ்சம் சீர்செய்து இங்கே தருகிறேன்.

முதலில் வளைகுடா வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நான் இருப்பது தோஹாவில், நஜ்மா பகுதியில். கத்தாரில் வீட்டில் மது தயாரிப்பது குற்றம், பிடிபட்டால் வழக்கு, வேலையும் விசாவும் போய்விடும். ஆகவே இந்தக் கட்டுரையில் எனக்குச் சொந்த அனுபவம் இருப்பது தேன் வாங்குவதில் மட்டும்தான். (ஒரே ஒரு முறை நான் அறியாமலேயே இன்னொன்றும் நடந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.) அமெரிக்காவில் நிலைமை வேறு. சொந்த உபயோகத்துக்கு, விற்பனைக்கு அல்லாமல், பெரியவர்கள் இருவர் உள்ள வீடு ஆண்டுக்கு 200 கேலன் வரை வைன் செய்துகொள்ள மத்திய சட்டம் இடம் தருகிறது. தேன் மதுவும் அந்தக் கணக்கில்தான் வரும்.

கணக்கிலிருந்தே தொடங்குவோம், பொறியாளன் புத்தி அப்படித்தான் போகும். ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். வைன் அளவுக்கு, அதாவது 12 சதவீதம் வேண்டுமென்றால் லிட்டருக்கு 204 கிராம். தேனின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. ஆக, லிட்டருக்குச் சுமார் 255 கிராம் தேன், 5 லிட்டருக்கு 1.3 கிலோ. ஒரு சின்ன ஜாடிக்கே ஒன்றேகால் கிலோவுக்கு மேல் போகிறது என்றால் நண்பன் விலையைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இங்கே நஜ்மா பக்காலாக்களிலும் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் சாதாரணத் தேன் கிலோ 30 முதல் 50 ரியால் வரை கிடைக்கும். ஏமனின் சித்ர் தேன், அதாவது இலந்தை இனத்து மரத்தின் பூவிலிருந்து வருவது, கிலோவுக்கு நானூறு, ஐந்நூறு என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். ஹத்ரமவுத்தின் வாதி தவ்ஆன் பள்ளத்தாக்குத் தேன் என்றால் பேரமே கிடையாது, கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்த உயர்ந்த தேனை நொதிக்கப் போடுவது வீண். தேனின் மணம் என்பது எளிதில் ஆவியாகும் பொருள்களால் ஆனது. நொதிக்கும்போது கரியமில வாயு வாரக்கணக்கில் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும், அதோடு மணத்தில் பெரும்பங்கும் போய்விடும். எனவே அடித்தளத்துக்குச் சாதாரணத் தேன், நொதித்து அடங்கிய பிறகு மணத்துக்காகக் கொஞ்சம் நல்ல தேன் என்று பிரித்து வாங்குவதுதான் சிக்கனம். இன்னொரு வழி உறைந்த தேன். அடியில் வெள்ளையாகக் கட்டிப்போன தேனைப் பார்த்து ஜனங்கள் சர்க்கரை கலந்தது என்று ஒதுக்குகிறார்கள், கடைக்காரரும் தள்ளிவிடப் பார்க்கிறார். குளுக்கோஸ் அதிகமுள்ள தேன் உறைவது இயல்பு. வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். கேட்டுப் பார்த்தால் விலையில் கழிவு கிடைக்கும், எனக்குக் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் தேனீ வளர்ப்பவரிடமே 5 கேலன் வாளியாக வாங்கலாம். அது 60 பவுண்டு, அதாவது 27 கிலோ. இரண்டு மூன்று வீடுகள் பங்கு போட்டுக்கொண்டால் பாட்டில் விலையை விட நிச்சயம் குறையும்.

இனி நண்பனின் உண்மையான பயத்துக்கு வருவோம்.

2020 டிசம்பரில் டில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் இந்தியாவில் விற்கும் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டது. 22 மாதிரிகளில் எல்லாச் சோதனைகளையும் தாண்டியவை ஐந்தே ஐந்து. ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதித் தேன் மாதிரிகள் 320 எடுத்துப் பார்த்து, முடிவை 2023இல் வெளியிட்டது. அதில் 46 சதவீதம் சந்தேகத்துக்குரியவை. ஆகவே இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல.

இதில் நடக்கும் தந்திரம் சுவாரசியமானது. கரும்பும் மக்காச்சோளமும் சூரிய ஒளியிலிருந்து உணவு தயாரிக்கும் முறை ஒருவிதம், தேனீக்கள் போகும் பெரும்பாலான பூச்செடிகளின் முறை வேறு. இதனால் அவற்றின் சர்க்கரையில் கார்பன்-13 என்னும் கனமான கரி அணுவின் விகிதம் வேறுபடும். அந்த விகிதத்தை அளந்தால் கரும்புப் பாகோ சோளப் பாகோ கலந்திருப்பது தெரிந்துவிடும். கலப்படக்காரர்கள் என்ன செய்தார்கள்? அரிசிப் பாகுக்கு மாறினார்கள். நெல் பூச்செடிகளின் கட்சி, அந்தச் சோதனையில் அகப்படாது. அதைப் பிடிக்க அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்ற விலையுயர்ந்த சோதனை வேண்டும். தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியை நனைத்துக் கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று காத்திருப்பது, நாய் முகர்கிறதா என்று பார்ப்பது இவை எல்லாம் பொழுதுபோக்கு. கெட்டியான எந்தப் பாகும் இவற்றில் தேறிவிடும்.

நானும் ஒரு முறை ஏமாந்தவன்தான். அப்பாவின் இருமலுக்கென்று, பழைய சாமான்கள் விற்கும் ஹராஜ் சூக் பக்கம் ஒருவரிடம் அரைக் கிலோ "சித்ர்" வாங்கினேன். சி ரிங் ரோடைத் தாண்டி வீட்டுக்கு வருவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த வாரமே தேனுக்கான கைக்கருவி ஒன்று வரவழைத்தேன். ஒளிவிலகல் மானி, கண்ணாடிப் பட்டையில் ஒரு துளி வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் ஈரப்பதத்தைச் சொல்லும். பன்னாட்டு உணவுத் தரமான கோடெக்ஸ்படி தேனில் நீர் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. என் "சித்ர்" காட்டியது 17. அப்பழுக்கில்லாத மதிப்பெண்! பிறகு, மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மாமா வைத்திருக்கும் பெட்டிகளிலிருந்து, என் கண் முன்னால் எடுத்து அம்மா கொடுத்துவிட்ட தேனை வைத்தேன். 23.5. பொய்த் தேன் பாஸ், மெய்த் தேன் ஃபெயில்.

காரணத்தைப் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன். கருவி அளப்பது நீரை, தேனை அல்ல. தேனீ தான் கொண்டுவரும் பூஞ்சாற்றைச் சிறகால் விசிறி விசிறி வற்றவைத்து, போதும் என்று ஆனதும் மெழுகால் அறையை மூடும். மூடிய பிறகு எடுத்தால் கெட்டித் தேன். ஆனால் காத்திருந்தால் அளவு குறையும், விலையோ கட்டாது. அதனால் மூடுவதற்கு முன்பே எடுத்துவிடுகிறார்கள். அதோடு எங்கள் ஊர்க் காற்றே ஈரம். குமரி மாவட்டத்தில் தேன் வரத்து ரப்பரிடமிருந்து. இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும் மாதங்களில், ஜனவரி தொடங்கி மார்ச் வாக்கில், இலைக்காம்பில் இருக்கும் சுரப்பிகளில் இனிப்பு நீர் சுரக்கும். பூவிலிருந்து வராத தேன் அது! நிறம் வெளிறியிருக்கும், சீக்கிரம் உறையும், மணம் மெல்லியது. விலையும் குறைவு. மீட் போட இதைவிடப் பொருத்தமான மலிவுத் தேன் எனக்குத் தெரியவில்லை, ஆனால் நியூ ஜெர்சிக்கு யார் கொண்டுபோவது?

இந்த மார்த்தாண்டத்துக்கும் ஒரு அமெரிக்கத் தொடர்பு உண்டு. 1920களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் அங்கே கிராம மறுமலர்ச்சி மையம் நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர்தான் மரப்பெட்டியில் தேனீ வளர்ப்பதைப் பரப்பினார். என் பாட்டா கற்றதும் அந்த வழியில் வந்ததுதான். 1991-92இல் தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக்களை வாரிக்கொண்டு போனது. புழுக்கள் அறைக்குள்ளேயே நீர்ப்பை போல ஊதிச் சாகும். எனக்கு அப்போது நாலைந்து வயது. காலிப் பெட்டிகளைப் பாட்டா அடுக்களைக்குப் பின்னால் அடுக்கி வைத்ததும், பிறகு ஒவ்வொன்றாக அடுப்புக்குப் போனதும் நினைவிருக்கிறது. அவர் மறுபடி பெட்டி வைக்கவில்லை. தப்பிய கூட்டங்களிலிருந்து தொழில் மெல்ல மீண்டது. மாமா தொடங்கியது பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து.

இப்போது அந்த "இன்னொன்று". 2019 செப்டம்பர் விடுமுறையில் அம்மா இரண்டு கிலோ தேன் கொடுத்துவிட்டாள். அலமாரியில் வைத்தேன். டிசம்பரில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தால், கூட இருந்த தஞ்சாவூர்த் தம்பி வாசலிலேயே நிற்கிறான். "அண்ணே, அடுக்களைல கள்ளு வாசம் வருதுண்ணே." அலமாரியைத் திறந்தால் பாட்டில் மூடி விம்மியிருக்கிறது. திருகியதும் உஸ்ஸென்று சீறி நுரை கையில் வழிந்தது. பாதிக்கு மேல் உறைந்து, மேலே தண்ணீராக நின்ற பகுதியில் குமிழிகள்.

வேதியியல் எளியது. குளுக்கோஸ் உறையும்போது சிறிதளவு நீரைத்தான் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். மீதி நீர் மேலே நிற்கும் தேனில் சேர்ந்து, 23.5 என்பது இன்னும் ஏறிவிடும். தேனில் எப்போதும் உறங்கிக்கொண்டிருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொள்ள அது போதும். ஈரம் 17க்குக் கீழே என்றால் அது அசையாது, 20ஐத் தாண்டினால் உத்தரவாதம் இல்லை. இதெல்லாம் இன்று எழுதும்போது வரும் நிதானம். அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: யாராவது கதவைத் தட்டினால் என்ன சொல்வது? வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருடம் பாக்கி. சன்னலைத் திறந்துவிட்டு, குழாயைத் திருகி, இரண்டு கிலோவையும் தொட்டியில் ஊற்றினேன். உறைந்தது கரைய முக்கால் மணி நேரம் ஆனது. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா போனில், "மக்ளே, தேன் தீந்துட்டா?" என்று கேட்டாள். தீர்ந்துவிட்டது என்றேன், பொய்யும் அல்ல.

பல மாதம் கழித்து, புறநானூற்றில் ஆய் அண்டிரனைப் பற்றி முடமோசியார் பாடியதைப் படித்துக்கொண்டிருந்தபோது (129ஆம் பாட்டு) சட்டென்று உறைத்தது. மூங்கில் குழாயில் முதிர்ந்த தேறலைக் குடித்து, வேங்கை நிற்கும் முற்றத்தில் குறவர்கள் குரவை ஆடுகிறார்கள். ஆயின் மலை பொதியில், எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் அடுத்த மலைத்தொடர். மலைபடுகடாத்திலும் நன்னன் நாட்டு மலையில் மூங்கிலில் விளைந்த தேன் தேறல் வருகிறது. தேறல் என்றால் தெளிந்தது. நறவு, மட்டு என்ற சொற்களும் தேனையும் குறிக்கும், மதுவையும் குறிக்கும். வடமொழி மது, ஆங்கில மீட் இரண்டும் உறவுச் சொற்கள், அங்கேயும் தேனும் போதையும் ஒரே வீட்டில்தான். இப்படி ஒரே சொல் இரண்டுக்கும் ஏன் என்று முன்பு யோசித்திருக்கிறேன். என் அலமாரி அதற்கு ஒரு விடை சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன். ஈரமான மலைக்காட்டின் தேனை அடைத்து வைத்தால் யாரும் ஒன்றும் செய்யாமலேயே அது தேறலாகத் தொடங்கும். மலைத்தேனை அடையோடு பிழியும்போது மகரந்தமும் கலந்து வரும். அதுவும் உதவி, ஏனென்றால் தேனில் சர்க்கரை மிகுதி, ஈஸ்ட் வளரத் தேவையான நைட்ரஜன் மிகக் குறைவு. (நண்பனுக்கு: கடைத் தேன் என்றால் ஈஸ்ட்டுக்கான சத்துப்பொடியையும் சேர்த்து வாங்கு. உலர்திராட்சை நாலு போட்டால் போதும் என்பதை நம்பாதே.)

அரபு மண்ணுக்கும் இது புதிதல்ல. ஏமனில் தேனிலிருந்து செய்யப்பட்ட பித்உ என்ற பானத்தைப் பற்றி நபிகளிடம் கேட்டதாகவும், போதை தருவது அனைத்தும் விலக்கப்பட்டது என்று அவர் பதில் சொன்னதாகவும் புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. எங்கள் கட்டடக் காவலாளி எத்தியோப்பியர். அவர் ஊரில் கேஷோ இலை போட்டுச் செய்யும் தேன் மதுவின் பெயர் தெஜ். நொதிக்க விடாமல் குடிப்பதற்குப் பிர்ஸ் என்று பெயர். தேனும் தண்ணீரும்தான், குளிரவைத்தால் நன்றாகவே இருக்கிறது. ரமலான் மாலைகளில் ஒன்றிரண்டு முறை அவரோடு குடித்திருக்கிறேன்.

நண்பன் நேற்றுப் பதில் போட்டான். பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து 60 பவுண்டு வாளி ஒன்று சொல்லிவிட்டானாம். ஊருக்குப் போகும்போது ஒரு முழம் மூங்கில் குழாய் கொண்டுவர முடியுமா, சுங்கத்தில் விடுவார்களா என்று கேட்டிருக்கிறான். அதற்கு இன்னும் எழுதவில்லை.