பிள்ளைகளுக்கு உயிர்த்தொழில்நுட்பம்: செய்முறையும் அறநெறியும் சேர்ந்தே கற்பிக்கலாம்

நம் வீடுகள் பலவற்றில் பெரியவர்களுக்காக வாங்கிய இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருக்கும். அது எதிலிருந்து தயாராகிறது, பன்றியில் இருந்து எடுக்கிறார்களா, ஹலாலா என்ற கேள்வி எப்போதாவது எழும். யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்ததைச் சொல்வார். பேச்சு அதோடு முடிந்துவிடும். அதே வீட்டில் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால், இதற்கான பதில் அந்தப் பிள்ளையின் பாடப் புத்தகத்திலேயே இருக்கும். பரீட்சைக்காக அதை மனப்பாடமும் செய்திருக்கும். ஆனால் பாடத்தில் படித்ததும் ஃப்ரிட்ஜில் இருப்பதும் ஒன்றுதான் என்று பிள்ளைக்கு யாரும் காட்டித் தந்திருக்க மாட்டார்கள்.

போரூரில் இருந்து பூந்தமல்லி போகும் சாலையில் உள்ள குமணன்சாவடியையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் எடுத்துக்கொள்வோம். இங்குள்ள குடும்பங்களில் பிள்ளையை டாக்டராக்க வேண்டும் என்ற ஆசைக்குக் குறைவில்லை. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு உரியது. அதனால் பிள்ளைகள் உயிரியலை விழுந்து விழுந்து படிக்கிறார்கள். படிப்பதில் பெரும்பகுதி நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சிதான்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் குறையில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலிலேயே 'இனக்கலப்பு மற்றும் உயிர்த்தொழில்நுட்பவியல்' என்ற பாடம் உண்டு. மரபணு மாற்றப்பட்ட பயிர், குருத்தணு, மரபணு சிகிச்சை, டி.என்.ஏ. ரேகைப்பதிவு எல்லாம் அதில் வருகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் அறநெறியும் இடம்பெறுகிறது. இவற்றைக் கையால் செய்து பார்க்கவும், இது சரியா தவறா என்று உட்கார்ந்து பேசவும் நேரமும் இடமும்தான் கிடைப்பதில்லை. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்காக 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட 'வானவில் மன்றம்' திட்டம் செய்முறைகளைப் பள்ளிக்கே கொண்டு வந்தது. ஆனால் உயிர்த்தொழில்நுட்பம் பாடமாக வருவது அதற்கு மேலே உள்ள வகுப்புகளில்.

அந்த இடைவெளியைப் பெற்றோரும் ஆசிரியரும் ஜமாஅத்தும் சேர்ந்தால் குறைந்த செலவில் நிரப்பலாம். அதற்கு மூன்று செய்முறைகளை இங்கே பார்ப்போம். ஒவ்வொன்றும் ஓர் அறநெறிக் கேள்வியையும் கூடவே கொண்டு வரும். அந்தக் கேள்வியை விட்டுவிட்டுச் செய்முறையை மட்டும் நடத்தினால் பாதிப் பாடம்தான் நடந்ததாகும்.

முதல் செய்முறை: பப்பாளியில் டி.என்.ஏ.

நன்கு பழுத்த பப்பாளித் துண்டு ஒன்றை மசித்துக்கொள்ளுங்கள். அரை டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பும் இரண்டு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவமும் நுரைக்காமல் கலந்து, மசித்த பழத்தில் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். மெல்லிய துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை ஒரு கண்ணாடிக் குழாயில் பாதி வரை எடுங்கள். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்துக் குளிர்ந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை, குழாயின் ஓரமாக மெதுவாக அதே அளவு ஊற்றுங்கள். இது குடிக்கும் மதுவல்ல, மருத்துவமனையில் தோலைத் துடைக்கப் பயன்படுத்தும் நச்சுத் திரவம். எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பு அருகில் இருக்கக் கூடாது. சில நிமிடங்களில் இரண்டு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் வெண்மையான பஞ்சுபோன்ற இழைகள் திரளும்.

சோப்பு, செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வை உடைக்கிறது. உப்பு, டி.என்.ஏ. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள உதவுகிறது. டி.என்.ஏ. ஆல்கஹாலில் கரையாது என்பதால் வெளியே வந்து கண்ணுக்குத் தெரிகிறது. தெரிவது ஒற்றை இழையல்ல, கோடிக்கணக்கான இழைகளின் திரள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இப்போது இன்சுலினுக்கு வரலாம். 1922-ல் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டதில் இருந்து பல பத்தாண்டுகள் அது மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்தில் இருந்தே எடுக்கப்பட்டது. 1978-ல் மனித இன்சுலினுக்கான மரபணுக் குறிப்பை ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் வைத்து, அதையே இன்சுலின் தயாரிக்க வைத்தார்கள். 1982-ல் அது மருந்தாக அனுமதி பெற்றது. இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் மனித இன்சுலின் பாக்டீரியாவிலோ ஈஸ்டிலோ தயாராவது. வீட்டில் எழுந்த கேள்விக்கு அறிவியல் தரும் பதில் இது.

எல்லாக் கேள்விக்கும் பதில் இவ்வளவு எளிதாக அமையாது. சில மாத்திரை உறைகளில் உள்ள ஜெலட்டினும், ஹெப்பாரின் என்ற இரத்த உறைவு தடுக்கும் மருந்தும் பன்றியில் இருந்து வரக்கூடும். ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறிவிட்டால் அதன் சட்டமும் மாறுமா என்பதில் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளுக்கு இடையே வேறுபாடு உண்டு. அதை ஆலிம்களிடம் கேட்க வேண்டும். ஆனால் சரியான கேள்வியைக் கேட்கவே பொருள் எதிலிருந்து, எப்படித் தயாராகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். டாலி என்ற குளோனிங் ஆட்டைப் பற்றிய செய்தி 1997 பிப்ரவரியில் வெளியானது. அதே ஆண்டில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி மனிதக் குளோனிங்கைத் தடுத்தது. நுண்ணுயிர், தாவரம், விலங்கு ஆகியவற்றில் மரபணுத் தொழில்நுட்பத்தை ஷரீஅத் வரம்புக்குள் அனுமதித்தது. மார்க்க அறிஞர்கள் விஞ்ஞானிகளை அருகில் வைத்துக்கொண்டு பேசிய விஷயம் இது என்று பிள்ளைகள் அறிவது நல்லது.

இரண்டாவது செய்முறை: குடிநீர்ச் சோதனை

சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இருந்தாலும் பல தெருக்களில் போர்வெல்லும் லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும்தான் பயன்பாட்டில் உள்ளன. தண்ணீரில் மலக் கழிவு கலந்திருக்கிறதா என்று அறிய, ஹைட்ரஜன் சல்பைடு பட்டைச் சோதனை என்ற மலிவான முறை உண்டு. 1982-ல் இந்திய விஞ்ஞானிகள் வெளியிட்ட முறை இது. மருந்து ஊறிய காகிதம் உள்ள குப்பியில் தண்ணீரை ஊற்றி மூடி, சாதாரண வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். கறுத்தால் சந்தேகம், கறுக்காவிட்டால் பெரும்பாலும் பரவாயில்லை. சோதனை முடிந்ததும் ஆசிரியரின் மேற்பார்வையில் குப்பிக்குள் பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கிருமிகளைக் கொன்ற பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

பத்து வீடுகளில் தண்ணீர் எடுத்து, அதில் மூன்று கறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று வீடுகள் எவை என்று தெருவுக்கே சொல்லலாமா? ஒரு வீடு வாடகைக்கு விடப்பட்டது என்றால், முதலில் சொல்ல வேண்டியது வீட்டுக்காரருக்கா, குடியிருப்பவருக்கா? கறுத்தது ஒரு கேன் கம்பெனியின் தண்ணீர் என்றால், இரண்டாம் முறை சோதிக்காமல் பெயரைக் குரூப்பில் போடலாமா? இந்தச் சோதனை சில நேரம் தவறான முடிவும் காட்டும்.

எனவே தண்ணீர் எடுக்கும் முன்பே ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு விஷயங்களை எழுதி அந்த வீட்டாரிடம் கொடுக்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். என்ன செய்யப் போகிறோம், முடிவை யாரிடம் சொல்வோம், யாரிடம் சொல்ல மாட்டோம், விருப்பமில்லை என்றால் மறுக்கலாம். ஆராய்ச்சி உலகம் ஒப்புதல் என்று அழைப்பது இதைத்தான். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று அந்த வீட்டு உம்மாவிடம் பணிவாகச் சொல்வதும் பாடத்தின் ஒரு பகுதியே.

மூன்றாவது: செய்யாமல் விட வேண்டிய ஒன்று

பள்ளிகளில் பிள்ளைகள் மிகவும் விரும்பும் செய்முறை இரத்த வகை பார்ப்பது. ஒரே ஊசியை இருவருக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடக் கவனிக்கப்படாத ஆபத்து ஒன்று உண்டு. தன் வகை ஏ என்று கண்ட பிள்ளை வீட்டுக்குப் போய் அத்தா, அம்மா வகையையும் கேட்கும். இருவரும் ஓ என்றால், பாடத்தில் படித்த விதிப்படி அது நடக்க முடியாதது. உறவினர் பிள்ளையை, அனாதைப் பிள்ளையை எடுத்து வளர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அதைப் பிள்ளைக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்று பெற்றோர் முடிவு செய்யும் முன் ஒரு வகுப்புச் சோதனை சொல்லிவிடக் கூடாது.

பாடத்தின் விதிக்கும் விதிவிலக்கு உண்டு என்பது இன்னொரு காரணம். 1952-ல் மும்பையில் கண்டறியப்பட்ட 'பாம்பே' இரத்த வகை உடையவர்களுக்குச் சாதாரணச் சோதனையில் ஓ என்றே தெரியும். ஆனால் அவர்களுக்கு ஏ அல்லது பி வகைப் பிள்ளை பிறக்கலாம். அரைகுறைச் சோதனையை வைத்துக் குடும்பத்தைச் சந்தேகிப்பது அறிவியலும் ஆகாது, அறமும் ஆகாது. இரத்தத்துக்குப் பதிலாக பாலில் வினிகர் சேர்த்துத் திரிய வைத்தே, திரள்வது என்றால் என்ன என்று காட்டலாம். பெற்றோரின் வகைகளை வகுப்பில் சேகரிக்கவே வேண்டாம்.

நெருங்கிய உறவில் திருமணம் பற்றிப் பேசும்போதும் இதே கவனம் தேவை. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை. தலசீமியா போன்ற நோயின் மரபணுவைக் கணவன், மனைவி இருவரும் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சுமப்பவர் நோயாளி அல்ல. திருமணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனையில் இதை அறிய முடியும். எந்தப் பிள்ளையின் குடும்பத்தையும் உதாரணமாகக் காட்டாமல் இதைச் சொல்லிக் கொடுக்க முடியும்.

பேசிப் பார்க்க இரண்டு நிகழ்வுகள்

முதலாவது நம் பிள்ளைகளின் வயதினரையே பற்றியது. 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்திலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் தடுப்பூசி ஒரு திட்டத்தின் கீழ் போடப்பட்டது. பலர் பழங்குடிச் சிறுமிகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ஆயிரக்கணக்கான ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தனர். 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. இடையில் நேர்ந்த சில சிறுமிகளின் மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று விசாரணை சொன்னது. தடுப்பூசி நல்லதா என்பது ஒரு கேள்வி, ஒப்புதல் முறையாகப் பெற்றார்களா என்பது வேறு கேள்வி. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளை, வதந்தியையும் நம்பாது, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தும் போடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, ஆய்வில் பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் கேட்கப்பட வேண்டும்.

இரண்டாவது, பி.டி. கத்தரிக்காய். பூச்சியைத் தாங்கும் இந்த வகையின் உருவாக்கத்தில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுமக்கள் கருத்தைக் கேட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்தி வைத்தார். பங்களாதேஷ் 2013-ல் அனுமதித்தது. ஒரே கத்தரிக்காய், இரு நாடுகள், இரு முடிவுகள். யாருக்கு நன்மை, யாருக்கு ஆபத்து, யாரைக் கேட்டார்கள், இன்னும் தெரியாதது என்ன என்ற நான்கு கேள்விகளை வைத்து இரு குழுக்களாகப் பிள்ளைகள் வாதிடட்டும். பாதி நேரத்தில் குழுக்கள் இடம் மாறி எதிர்த்தரப்பைப் பேச வேண்டும்.

அறிவியலும் அறமும் பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் சாட்சி. 1988-ல் பள்ளி மாணவர்களுக்கான டி.என்.ஏ. கற்றல் மையத்தைத் தொடங்கிய ஊர் அது. அதே ஊரில் 1910 முதல் 1939 வரை, யார் பிள்ளை பெறத் தகுதியானவர் என்று மனிதர்களைத் தரம் பிரித்த 'யூஜெனிக்ஸ்' அலுவலகம் இயங்கியது. அங்கிருந்தவர்களும் படித்தவர்களே.

நம் பகுதியில் தொடங்குவது எப்படி?

மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம் போதும். பள்ளி வகுப்பறையோ ஜமாஅத்தின் கூடமோ கிடைத்தால் போதும். 9 முதல் 12 வரை படிக்கும் பிள்ளைகள், ஆண் பெண் இருபாலரும், நான்கு பேர் கொண்ட குழுக்களாக அமரட்டும். ஓர் உயிரியல் ஆசிரியரும், நம் பகுதியில் படிக்கும் மருத்துவ அல்லது உயிர்த்தொழில்நுட்ப மாணவர் ஒருவரும் நடத்தலாம். முதல் ஒரு மணி நேரம் செய்முறை, அடுத்த ஒரு மணி நேரம் கலந்துரையாடல். சில மாதம் ஆலிம் ஒருவரையும் அழைத்து, பிள்ளைகள் தயாரித்த கேள்விகளை அவர் முன் வைக்கலாம். கையுறை, கண்ணாடி, கை கழுவச் சோப்பு கட்டாயம். ஆய்வு செய்யும் இடத்தில் சாப்பாடு கூடாது. கையிலும் மூக்கிலும் உள்ள கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் சோதனைகள் முறையான ஆய்வகம் இல்லாமல் வேண்டாம்.

இதனால் நீட் படிப்பு கெடாது. சவ்வு ஏன் உடைந்தது என்று கையால் செய்து பார்த்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி மறக்காது. எல்லாப் பிள்ளைகளும் டாக்டராகப் போவதில்லை. ஆனால் எல்லோரும் ஒருநாள் மருத்துவமனையில் பெற்றோருக்காக ஒரு படிவத்தில் கையெழுத்திடுவார்கள். திருமணத்துக்கு முன் பரிசோதனை செய்யலாமா என்று பேசுவார்கள். பிள்ளைக்கு ஊசி போடலாமா என்று முடிவெடுப்பார்கள். அந்த நாளில் படிவத்தை முழுதாகப் படித்து, புரியாததைக் கேட்டு, பிறகு கையெழுத்திடும் பழக்கம் இப்போதே வர வேண்டும். அடுத்த ஞாயிறு ஒரு பப்பாளியோடு தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.