ஊசித் துளை சொன்ன சேதி

போன மாதச் சங்கக் கூட்டத்தில் ஓர் அன்பர், "நிலக்கரி எஞ்சின் ஏன் சார் ஒழிந்தது?" என்று கேட்டார். எரிக்கும் கரியின் சூட்டில் பத்தில் ஒரு பங்குகூட இழுவைக்கு வராது என்றேன். அதற்காகப் பாய்லரைச் சீர்படுத்த யாரும் முயலவில்லை என்று நினைக்கக் கூடாது.

1947-இல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிலிருந்து வந்தது டபிள்யூ.பி. பயணிகள் எஞ்சின். அதன் பாய்லரையே 1950-இல் டபிள்யூ.ஜி. சரக்கு எஞ்சினுக்கும் வைத்தார்கள். ஒன்று பழுதானால் மாற்றுப் பாய்லரை ஏற்றி வண்டியை ஓட்டலாம்.

நம் தக்காணத்துக் கடின நீர் பெரிய சத்துரு. குழாய்களின்மேல் உப்புப் படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாது. கரிச் செலவு ஏறும், தகடு வெந்துபோகும். அதைக் கழுவிவிடத்தான் வாஷ்-அவுட் பிளக்குகள்.

எனக்குப் பிடித்தது ஸ்டே போல்ட். நெருப்புப் பெட்டியையும் வெளித் தகட்டையும் இழுத்துப் பிடிக்கும் நூற்றுக்கணக்கான போல்ட்டுகள் அவை. முனையில் ஊசி போல ஒரு துளை. உள்ளே போல்ட் முறிந்தால் அதன் வழியே தண்ணீர் கசியும். எதையும் பிரிக்க வேண்டாம்.

1983-இல் ஒரு ஷெட்டில் நான் புதுப் பையன். கழுவி நீர் நிரப்பிய எஞ்சினின் நெருப்புப் பெட்டிக்குள் டார்ச்சோடு நுழைந்தேன். ஒரு துளையின் கீழே வெள்ளைக் கோடு. மேலாளர், "வண்டி தாமதமாகும்" என்று சிடுசிடுத்தார். தெலுங்கு பேசும் மூத்த ஃபிட்டர் ஒருவர் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்தார். அடுத்தடுத்து மூன்று போல்ட்டுகள் முறிந்திருந்தன.

எஞ்சின் அன்று வெளியே போகவில்லை. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு எனக்குத்தான் மெமோ வந்தது.